200 மில்லிவாட் எவ்வளவு தூரம் போகும்?

4ஜி கைபேசி தன் கோபுரத்தோடு பேசும்போது உச்சபட்சமாக 200 மில்லிவாட் ஆற்றலை வெளிவிடும். ஒரு வாட்டில் ஐந்தில் ஒரு பங்கு. தி.நகர் போன்ற நெரிசலான இடத்தில் கோபுரம் சில நூறு மீட்டரிலேயே இருக்கும். அப்படியும் லிஃப்டுக்குள் நுழைந்தால் பேச்சு அறுந்துபோகிறது. அதே 200 மில்லிவாட்டை மயிலாப்பூர் மொட்டை மாடி ஒன்றில் கட்டிய பத்து மீட்டர் செப்புக் கம்பிக்குக் கொடுத்து 14 மெகாஹெர்ட்ஸில் அனுப்பினால், வானம் ஒத்துழைக்கிற நாளில் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பிடிக்கலாம். தூரம் 6,000 கிலோமீட்டருக்கு மேல். நடுவில் கோபுரம் கிடையாது, செயற்கைக்கோள் கிடையாது, கடலடிக் கேபிளும் கிடையாது.

பாதி வேலையை வானம் செய்கிறது. மீதியைச் செய்வது ஒரு கணக்கு: வேகத்தை விட்டுக்கொடு, தூரத்தை வாங்கிக்கொள். சென்னையில் வீட்டிலேயே கருவி கட்டிப் பார்க்கிறவர்களில் பொழுதுபோக்காக வானொலியில் பேசும் ஹாம் உண்டு, தண்ணீர்த் தொட்டிக்கு சென்சார் வைக்கிறவர் உண்டு, பழைய கணினியைச் சொந்த சர்வராக ஓட்டுகிறவர் உண்டு. ரிச்சி தெருவில் ஒரே கடையில் சாமான் வாங்கும் இவர்கள் எல்லோரும் எப்போதாவது ஒருநாள் இந்தக் கணக்கில் வந்து முட்டுகிறார்கள்.

மொட்டை மாடிக் கம்பியில் போகும் செய்தியின் பெயர் விஸ்பர். 2008-இல் இதை வெளியிட்டவர் ஜோ டெய்லர். இரட்டைப் பல்சாரைக் கண்டுபிடித்ததற்காக ரஸ்ஸல் ஹல்ஸோடு சேர்ந்து 1993-இல் இயற்பியல் நோபல் பெற்ற அதே டெய்லர்தான், சிறுவயதிலிருந்தே ஹாம். விண்வெளி இரைச்சலுக்கு அடியில் புதைந்து கிடக்கும் துடிப்பைத் தோண்டி எடுப்பதே தொழிலாக இருந்தவருக்கு, பூமியிலேயே அப்படி ஒன்றைச் செய்யத் தோன்றியதில் வியப்பில்லை.

விஸ்பர் செய்தியில் மூன்றே விவரங்கள்: அனுப்புகிறவரின் அழைப்புக்குறி, அவர் இருக்கும் கட்டம், எத்தனை ஆற்றலில் அனுப்புகிறார் என்பது. மொத்தம் 50 பிட். கைபேசி கண்ணிமைக்கும் நேரத்தில் பல லட்சம் பிட்டுகளைத் தள்ளிவிடும். விஸ்பர் இந்த ஐம்பதையும் அனுப்ப 110.6 நொடி எடுத்துக்கொள்கிறது. நொடிக்கு அரை பிட்கூட இல்லை. நான்கு சுருதிகள், ஒன்றுக்கொன்று ஒன்றரை ஹெர்ட்ஸ்கூட வித்தியாசம் இல்லாதவை, மாறி மாறி ஒலிக்கின்றன. காதில் கேட்டால் ஒரே 'ஊ' என்றுதான் இருக்கும்.

இந்த மந்தம் எதற்கு? இரைச்சல் எல்லா அலைவரிசையிலும் பரவிக் கிடக்கிறது. நாம் திறக்கும் ஜன்னல் எவ்வளவு அகலமோ அவ்வளவு இரைச்சல் உள்ளே வரும். 4ஜி தடம் ஒன்றின் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் வரை போகும். விஸ்பரின் அகலம் 6 ஹெர்ட்ஸ். ஜன்னல் 33 லட்சம் மடங்கு குறுகலானதால் உள்ளே வரும் இரைச்சலும் அத்தனை மடங்கு குறைவு. கூடவே ஒவ்வொரு பிட்டுக்கும் கிடைக்கும் நேரம் அதிகம். நேரம் கூடினால் அதன்மேல் செலவாகும் ஆற்றலும் கூடுகிறது. தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை ரங்கநாதன் தெருவில் கூட வந்தவரைத் தவறவிட்டால், நடந்த கதை முழுவதையும் மூச்சுவிடாமல் கத்திப் பயனில்லை. பெயரை மட்டும் நீட்டி, ஒரே சுருதியில், திரும்பத் திரும்பக் கூப்பிட்டால் எட்டும். குறிப்பிட்ட அகலமும் ஆற்றலும் உள்ள தடத்தில், பிழையில்லாமல் எவ்வளவு வேகமாகப் பேசலாம் என்பதற்கு 1948-இல் கிளாட் ஷானன் சூத்திரம் எழுதினார். அதன் ஒரு முனையில் கைபேசி நிற்கிறது, மறுமுனையில் விஸ்பர்.

வழக்கமான குரல் வானொலி ஏற்பியின் 2,500 ஹெர்ட்ஸ் அகலத்தில் அளந்தால், இரைச்சலில் 600-இல் ஒரு பங்குகூட இல்லாத விஸ்பர் சமிக்ஞையையும் கணினி படித்துவிடும். மனிதக் காதால் முடியாது.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அனுப்புகிறவரும் கேட்கிறவரும் ஒரே கடிகாரத்தில் இருக்க வேண்டும். ஒவ்வோர் இரட்டைப்படை நிமிடமும் தொடங்கி ஒரு நொடி கழித்து விஸ்பர் கிளம்புகிறது. கடிகாரம் ஓரிரு நொடிகளுக்கு மேல் பிசகினால் எதுவும் பிடிபடாது. இணைய நேர சர்வர் அல்லது ஜிபிஎஸ் தொகுதி ஒன்றிலிருந்து கடிகாரத்தைத் திருத்திக்கொள்வதுதான் இப்போதைய வழக்கம். இந்த ஊருக்கு நேரம் காட்டுவது புதிதல்ல. 1792-இல் நுங்கம்பாக்கத்தில் எழுந்த வானாய்வகம் கணித்த சென்னை நேரத்தைத்தான் இந்திய ரயில்வே பல காலம் பின்பற்றியது. கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் 14 நொடி முன்னே. 1906-இல் இந்தியப் பொது நேரம் வந்ததில் விஸ்பர்காரர்களுக்கு ஒரு சின்ன லாபம்: வித்தியாசம் 5 மணி 30 நிமிடம் என்பதால் கிரீன்விச்சில் இரட்டைப்படை நிமிடம் என்றால் நமக்கும் இரட்டைப்படையே. பழைய சென்னை நேரமே நீடித்திருந்தால் ஒற்றைப்படை நிமிடம் தாண்டிப் பதினைந்தாவது நொடியில் சுவிட்ச் போட வேண்டியிருக்கும்.

கட்டம் என்றேனே, அதிலும் தென்சென்னைக்கு ஒரு வேடிக்கை இருக்கிறது. ஹாம்கள் உலகை ஒரு டிகிரி உயரம், இரண்டு டிகிரி அகலம் கொண்ட கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் இரண்டு எழுத்தும் இரண்டு எண்ணும் தந்திருக்கிறார்கள். மயிலாப்பூரும் தி.நகரும் 'என்.கே.03'. 13 டிகிரி வட அட்சரேகை அடையாறு பாலத்துக்கும் திருவான்மியூர் மருந்தீசுவரர் கோயிலுக்கும் நடுவே ஊரை வெட்டிக்கொண்டு போகிறது. அதற்குத் தெற்கே எல்லாம் 'என்.கே.02'. ஐஐடி வளாகம் இந்தத் தெற்குக் கட்டத்தில் விழுகிறது. அடையாற்றில் வீடு மாற்றினால் பின்கோடு மாறாவிட்டாலும் கட்டம் மாறக்கூடும்.

இனி வானத்தின் பங்கு. தரையிலிருந்து ஏறத்தாழ 250 முதல் 400 கிலோமீட்டர் உயரத்தில், சூரியனின் புறஊதாக் கதிர் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிய்த்தெறிந்து மின்னூட்டம் கொண்ட ஓர் அடுக்கை உண்டாக்குகிறது. குறிப்பிட்ட அதிர்வெண்களை அது வளைத்துத் தரைக்கே திருப்பி அனுப்பும். ஒரு தாவலில் மூவாயிரம் கிலோமீட்டரும் தாண்டலாம். பெர்த்துக்கு இரண்டு தாவல் போதும். கைபேசி அலைக்கு இந்த யோகமில்லை. அதன் அதிர்வெண் அதிகம் என்பதால் அடுக்கைத் துளைத்துக்கொண்டு விண்வெளிக்குப் போய்விடும். ஆகவே கைபேசியையும் விஸ்பரையும் நேருக்கு நேர் நிறுத்துவது முழு நியாயம் ஆகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தமிழ்நாட்டுக்கு மேலே இருக்கும் இந்த மின்னூட்ட அடுக்கு, அதாவது அயனமண்டலம், உலகத்தின் மற்ற இடங்களைப் போல் சாதுவானது அல்ல. பூமியின் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிப் போகிறது. 1963-இல் தும்பாவில் ராக்கெட் ஏவுதளம் அமைந்ததற்கே அதுதான் காரணம். சூரியன் மறைந்த பிறகு இந்தப் பகுதியின் அடுக்குகளில் எலக்ட்ரான் குறைந்த குமிழிகள் கிளம்பி மேலே எழுகின்றன. அவற்றுக்குள் புகுந்து வரும் சமிக்ஞை நடுங்கும், கரகரக்கும், ஜிபிஎஸ்கூடத் தடுமாறும். திருப்பதிக்கு அருகே காடங்கியில் உள்ள பெரிய ராடார் இவற்றை ஆராய்கிறது. மொட்டை மாடிக் கம்பியில் இரவு ஏழு மணிக்குத் தொலைதூர நிலையங்கள் திடீரென்று காணாமல் போனால் கம்பியைச் சந்தேகிக்கும் முன் வானத்தைச் சந்தேகிப்பது நல்லது.

கம்பியின் நீளத்துக்குக் கணக்கு சுலபம். 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அரை அலை நீளம் மீட்டரில் கிடைக்கும். 14.1 மெகாஹெர்ட்ஸுக்குச் சுமார் 10.1 மீட்டர்; தண்ணீர்த் தொட்டியிலிருந்து படிக்கட்டு அறைக் கூரை வரை கட்டிவிடலாம். 7 மெகாஹெர்ட்ஸுக்கு இருபது மீட்டர் வேண்டும், அதற்கு அடுத்த பிளாக்காரரின் நட்பு வேண்டும். பெசன்ட் நகர், சாந்தோம் பக்கம் உப்புக் காற்று சாலிடர் இணைப்புகளைத் தின்றுவிடும். மழைக்கு முன் ஒருமுறை பிரித்துச் சுரண்டி மறுபடி அடைத்துவிடுவது வழக்கம்.

உண்மையான எதிரி இரைச்சல். மலிவு எல்இடி விளக்கின் டிரைவர், சார்ஜர், இன்வெர்ட்டர், லிஃப்டின் வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டி எல்லாம் நொடிக்குப் பல்லாயிரம் முறை மின்சாரத்தை வெட்டி வெட்டிச் சேர்க்கின்றன. ஒவ்வொரு வெட்டும் ஒரு குட்டி ஒலிபரப்பு. அறுபது வீடுகள் உள்ள குடியிருப்பில் இவை சேர்ந்து எழுப்பும் சீறலில் விஸ்பரும் மூழ்கும். ஃபெரைட் வளையங்களைக் கேபிளில் மாட்டுவதும், கம்பியைக் கட்டடத்திலிருந்து தள்ளி நிறுத்துவதும் ஓரளவுக்கு உதவும். தெரு முழுக்கக் கரண்ட் போனால் முகம் மலர்கிற ஒரே ஆள் ஹாம்தான். பேட்டரியில் கேட்டால் பட்டை திடீரென்று அமைதியாகி, அதுவரை இல்லாத நிலையங்கள் எல்லாம் தலைகாட்டும்.

வீட்டார் புலம்பலுக்கு நடுவே இப்படிக் கம்பி கட்டியவர்களால்தான் இந்த நகரத்துக்கு வானொலியே வந்தது. சி.வி. கிருஷ்ணசாமி செட்டி என்ற பொறியாளர் முன்னின்று 1924 மே 16-இல் சென்னை மாகாண வானொலி மன்றத்தைத் தொடங்கினார். ஜூலை 31-இல் ஒலிபரப்பு ஆரம்பம். கருவியின் ஆற்றல் 40 வாட். இன்றைய விஸ்பரைப் போல 200 மடங்கு. பின்னால் 200 வாட் கருவி வந்தது. பணம் போதாமல் 1927-இல் மன்றம் ஓய்ந்தபோது கருவியை மாநகராட்சியிடம் கொடுத்தார்கள். 1930 ஏப்ரல் 1 முதல் மாநகராட்சியே ஒலிபரப்பு நடத்தியது. கடற்கரையிலும் பூங்காக்களிலும் மாநகராட்சிப் பள்ளிகளிலும் மக்கள் கேட்டார்கள். அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூன் 16-இல்தான் வந்தது. அரசாங்கம் வந்து சேருவதற்குப் பதினான்கு வருடம் முன்பே ஆர்வலர்கள் ஆரம்பித்துவிட்டார்கள் என்பது பள்ளிப் பாடத்தில் இடம்பெற வேண்டிய செய்தி.

வானொலி வேண்டாம், வீட்டுக்கு உதவுகிற மாதிரி ஏதாவது செய் என்று கேட்கிற குடும்பங்களுக்கு விடை தண்ணீர்த் தொட்டி. மெட்ரோ வாட்டர் சம்ப்பில் விழும், மோட்டார் மேலே ஏற்றும், யாராவது அணைக்க மறந்தால் தொட்டி வழிந்து மாடி நனையும்; சம்ப் வற்றியது தெரியாமல் ஓடினால் மோட்டார் கருகும். 2019 கோடையில் ஏரிகள் வறண்டதைப் பார்த்த ஊரில் வழியும் தொட்டி சின்னக் குற்றம் இல்லை.

பார்த்தால் எளிய வேலை. தொட்டி மூடியில் மீயொலி சென்சார்; அது எழுப்பும் ஒலி நீர்மட்டத்தில் பட்டுத் திரும்ப எடுக்கும் நேரத்தை அளந்தால் மட்டம் தெரியும். சிக்கல், இந்தத் தகவலை நான்கு மாடி கீழே மோட்டார் அறைக்குக் கொண்டுவருவதில். வைஃபை கான்கிரீட் தளம் ஒவ்வொன்றிலும் தேய்ந்து அடித்தளத்துக்கு வரும்போது செத்துவிடும். ஆர்வலர்கள் இதற்கு லோரா தொகுதியைப் பயன்படுத்துகிறார்கள். இந்தியாவில் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை உரிமம் வேண்டாத பட்டை. லோராவில் வேகத்தைத் திருகிக் குறைக்கலாம்: 125 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் வேகமான அமைப்பு நொடிக்கு ஏறத்தாழ 5,500 பிட், மிக மெதுவானது 300-க்கும் குறைவு. மெதுவான அமைப்பில், வேகமானதற்குத் தேவைப்படுவதைவிட ஏறத்தாழ 18 மடங்கு பலவீனமான சமிக்ஞையையும் படித்துவிடலாம். மறுபடி அதே பேரம்! தொட்டியில் எத்தனை சென்டிமீட்டர் தண்ணீர் என்று சொல்ல நான்கைந்து பைட் போதும். ஒரு நொடி பிடித்தால் என்ன குடிமுழுகிப் போகிறது?

இந்த வேலையில் நான் முக்கியமாகக் கருதுவது வேறொன்று. செய்தி வராமல் போனால் என்ன செய்வது? புதிதாகக் கட்டுகிறவர்கள் 'தொட்டி நிரம்பியது' என்ற செய்தி வந்ததும் மோட்டாரை நிறுத்தும்படி எழுதுகிறார்கள். அந்த ஒரு செய்தி தொலைந்தால் இரவெல்லாம் தண்ணீர் வழியும். தலைகீழாக எழுத வேண்டும்: 'இன்னும் இடம் இருக்கிறது' என்ற செய்தி அரை நிமிடத்துக்கு ஒருமுறை வந்துகொண்டிருக்கும் வரைதான் மோட்டார் ஓடலாம்; இரண்டு நிமிடம் மௌனம் என்றால் நின்றுவிட வேண்டும். இதற்கும் மேலே பழைய ஃப்ளோட் சுவிட்ச் ஒன்று மின்சுற்றிலேயே தொடராக இருக்கட்டும். நிரலை நம்பி ஃப்ளோட்டைக் கழற்றி எறிகிறவர் ஆட்டோமேஷன் செய்யவில்லை, சூதாடுகிறார். மின்பகுதியை உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனிடம் கொடுப்பதில் கௌரவக் குறைவும் இல்லை.

வீட்டுக் கருவிகளுக்கிடையே இத்தகைய குட்டிச் செய்திகளைக் கொண்டுபோக எம்கியூடிடி என்ற நெறிமுறை பரவலாக இருக்கிறது. 1999-இல் அது பிறந்தது பாலைவன எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியே கண்காணிக்க. இணைப்பு மெதுவானது, விலை கூடியது. அதனால் தலைப்புக்கு இரண்டே பைட் செலவாகும்படி வடிவமைத்தார்கள்.

இணையத்துக்கும் ஹாம்களுக்கும் உள்ள உறவு பழையது. 1971-இல் ஹவாயில் நார்மன் ஏப்ரம்சன் குழு தீவுகளுக்கிடையே வானொலியில் பொட்டலம் பொட்டலமாகத் தரவு அனுப்பிக் காட்டியது. எண்பதுகளில் ஹாம்கள் நொடிக்கு 1,200 பிட் வேகத்தில் அதையே தங்கள் பட்டைகளில் செய்தார்கள். இணையம் இன்னும் ஆராய்ச்சிக்கூடங்களில் இருந்த காலத்திலேயே, 44 என்று தொடங்கும் இணைய முகவரிகள் அனைத்தும், ஒரு கோடியே 67 லட்சம், அவர்களுக்கென ஒதுக்கப்பட்டன. 2019-இல் அதில் கால் பங்கை அமேசான் வாங்கியது. விலை பத்துக் கோடி டாலருக்கு மேல். இன்று சென்னை வீடுகள் பலவற்றுக்குச் சொந்தமாக இந்தப் பழைய ஐபிவி4 வகை முகவரி ஒன்றுகூடக் கிடைப்பதில்லை. பல வாடிக்கையாளர்கள் ஒன்றைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். வீட்டு சர்வரை வெளியிலிருந்து எட்ட முடியவில்லை என்று ஆர்வலர்கள் தலையைச் சொறிவதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம். ஐபிவி6 இணைப்புக் கிடைத்தால் பாதித் தொல்லை தீரும்.

பேரிடரில் மெதுவான பேச்சின் மதிப்பு தெரியவரும். 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையில் ஹாம்கள் சிலர் போர்ட் பிளேரில் பொழுதுபோக்காக நிலையம் அமைத்து உலகத்தோடு பேசிக்கொண்டிருந்தார்கள். 26-ஆம் தேதி சுனாமி வந்து தீவுகளின் தொலைபேசிகள் முடங்கியபோது அந்த நிலையமே பெருநிலத்துக்குச் செய்தி கொண்டுவந்தது. சென்னையையும் அந்தமானையும் இணைக்கும் 2,300 கிலோமீட்டர் கடலடிக் கேபிள் 2020 ஆகஸ்டில்தான் வந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றின் கரைப் பகுதிகளில் கைபேசிகள் ஊமையாயின. கோபுரங்கள் பெரும்பாலும் விழவில்லை. மின்சாரம் போய், பேட்டரி தீர்ந்து, டீசல் கொண்டுபோக வழியில்லாமல் நின்றன. அந்த ராத்திரியில் யாருக்கும் வீடியோ தேவைப்படவில்லை. 'மாடியில் பத்திரமாக இருக்கிறோம்' என்ற ஒரு வரி போதுமாக இருந்தது. அதை அனுப்ப ஒரு கார் பேட்டரியும் ஒரு கம்பியும் போதும்.

வானொலியில் அனுப்ப உரிமம் வேண்டும். 12 வயது நிரம்பியவர்கள் மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சரள் சஞ்சார் தளத்தில் விண்ணப்பித்துத் தேர்வு எழுதலாம். அடிப்படை மின்னணுவியல், விதிமுறைகள், இவ்வளவுதான் பாடம். உயர்ந்த பிரிவுக்கு மோர்ஸும் உண்டு. தேறினால் 'வி.யூ.' என்று தொடங்கும் அழைப்புக்குறி கிடைக்கும். பத்தாம் வகுப்பு இயற்பியல் தெரிந்த பிள்ளைக்கு ஒரு கோடை விடுமுறை தாராளம்.

குடியிருப்போர் சங்கச் செயலாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மாடியில் கம்பி கட்ட யாராவது அனுமதி கேட்டு வந்தால் 'கதிர்வீச்சு வரும்' என்று திருப்பி அனுப்பாதீர்கள். விஸ்பருக்கு அவர் பயன்படுத்தப்போவது உங்கள் கையிலுள்ள கைபேசியின் உச்ச ஆற்றல் அளவுதான், அதுவும் உங்கள் தலைக்கு வெகு மேலே. பத்து மீட்டருக்கு இடம் கொடுங்கள். சம்ப் மோட்டாரையும் அவரையே பார்க்கச் சொல்லுங்கள்.